குட்டி யானைக்குத் தீனி யார் போடுவது?

பாரிமுனைப் பக்கம் காலை பத்து மணிக்குப் போனால் இந்தப் பேரம் காதில் விழாமல் இருக்காது.

"தாம்பரத்துக்கு ஒரு லோடு. என்னப்பா கேக்கறே?"

"ஆயிரத்து ஐந்நூறு குடுங்க, அண்ணாச்சி."

"ஏம்ப்பா, தாம்பரம் போக டீசல் இருநூறு ரூபாய்க்கு மேலே ஆகுமா? ஆயிரத்து இருநூறு வாங்கிக்கோ. இல்லேன்னா பின்னாலே நிக்கிற வண்டியைக் கூப்பிடறேன்."

பின்னால் எட்டு வண்டிகள் நிற்கின்றன. வண்டிக்காரர் அவற்றை ஒரு பார்வை பார்க்கிறார். தலையைச் சொறிகிறார். "சரி, ஏத்துங்க" என்கிறார்.

கடைக்காரருக்கு 300 ரூபாய் மிச்சம். வண்டிக்காரரும் தனக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாகவே நினைத்துக்கொண்டு கிளம்புகிறார். அன்று இரவு செலவெல்லாம் போக அவர் கையில் நிற்பது எவ்வளவு தெரியுமா?

76 ரூபாய்!

நம்ப முடியவில்லையா? கணக்கு கீழே வருகிறது.

ஊரைச் சுமக்கும் வண்டி

முன்பெல்லாம் சென்னையில் சில்லறைச் சரக்கைச் சுமந்தது மாட்டு வண்டி. பிறகு கை வண்டி, மீன்பாடி வண்டி, மூன்று சக்கர டெம்போ என்று வந்தன. 2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் அளவுக்குச் சரக்கு ஏற்றும் நான்கு சக்கர வண்டி. சந்துக்குள் நுழையும், நின்ற இடத்தில் திரும்பும். பார்த்த மாத்திரத்தில் ஜனங்கள் அதற்குக் "குட்டி யானை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011ஆம் ஆண்டில் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அது ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும். இன்று எந்தக் கம்பெனியின் சின்ன வண்டியாக இருந்தாலும் ஊர் வாயில் அது குட்டி யானைதான்.

காய்கறி மார்க்கெட் 1996ஆம் ஆண்டில் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. ஊரும் நாலா பக்கமும் நீண்டுவிட்டது. மொத்தக் கடை ஒரு மூலை, சில்லறைக் கடை ஒரு மூலை. வெளியூர் லாரி மாதவரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கடை வாசல் வரை சரக்கைக் கொண்டு வருவது யார்? இந்தக் குட்டி யானைதான்.

கோடவுன் தெருத் துணி, ஆண்டர்சன் தெருக் காகிதம், கோயம்பேட்டுத் தக்காளி, கல்யாண வீட்டுப் பாத்திரம், வீடு மாற்றும் குமாஸ்தாவின் கட்டில், பீரோ... எல்லாம் இதன் முதுகில்தான். ஒரு நாள் இந்த வண்டிகள் ஓடாவிட்டால் ஊரில் பாதிக் கடை காற்று வாங்கும்.

ஆனால் ஊரைச் சுமக்கிற வண்டியின் சொந்தக்காரர் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா?

கணக்கு இதோ!

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் புது வண்டி வாங்குகிறார். முன்பணத்துக்கு மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. பாக்கி 5 லட்சம் ரூபாய் கடன். வட்டி 11 சதவிகிதம், 48 மாதத் தவணை.

குறைந்து வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால், மாதத் தவணை சுமார் 12,900 ரூபாய். மாதத்தில் 25 நாள் வண்டி ஓடுவதாக வைத்தால், விடிந்தவுடன் 516 ரூபாய் கடன்காரருக்கு.

இன்சூரன்ஸ், எப்.சி., டயர், பேட்டரி, ஆயில், ரிப்பேர் இவற்றுக்கு மாதம் 6,000 ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 240 ரூபாய்.

பாரிமுனையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். சரக்கை இறக்கிவிட்டு வண்டி அங்கேயே குடியிருக்குமா? திரும்பி வர வேண்டும். ஆக 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று போட்டால் 368 ரூபாய்.

மூன்றையும் கூட்டினால் 1,124 ரூபாய். 1,200 ரூபாய் வாடகையில் இது போனால் மிச்சம் 76 ரூபாய். சாப்பாடும் டீயும் இன்னும் கணக்கில் வரவில்லை!

"அன்றைக்கே இன்னொரு டிரிப் அடிக்கலாமே?" என்று கேட்கலாம். சரக்கு ஏற்ற இரண்டு மணி நேரம், நெரிசலில் இரண்டு மணி நேரம், அங்கே ஆள் வந்து இறக்க ஒரு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். பொழுது போய்விட்டது. எந்தக் கடைக்காரர் மாலை ஆறு மணிக்கு அடுத்த லோடைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்?

முதலில் கேட்ட 1,500 ரூபாயே கிடைத்திருந்தாலும் மிச்சம் 376தான். கொத்தனாருக்குச் சிமெண்ட் கலந்து கொடுக்கும் ஆள்கூட அதைவிட அதிகம் கூலி வாங்குகிறார். அவர் தலையில் 5 லட்ச ரூபாய்க் கடனும் கிடையாது!

ஆனால் ஒன்று. திரும்பும் வழியில் பல்லாவரத்திலோ கிண்டியிலோ 500 ரூபாய்க்கு ஒரு லோடு கிடைத்தால்? அந்த 500 ரூபாய்க்குத் தனியாக டீசல் இல்லை, தனியாகத் தவணை இல்லை. 376 உடனே 876 ஆகிவிடும்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. போகிற லோடு வண்டிக்குத் தீனி போடுகிறது. திரும்புகிற லோடுதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. வெறும் வண்டியாகத் திரும்புகிறவர் பிழைக்கவே முடியாது.

பிளாட் வட்டி எனும் பொறி

ஸ்டாண்டில் நின்று விசாரித்துப் பாருங்கள். "வட்டி எவ்வளவு?" என்றால் பலரும் "தெரியாதுங்க, மாசம் இவ்வளவு கட்டறேன்" என்பார்கள்.

அதே 5 லட்சம், அதே 11 சதவிகிதம், அதே 48 மாதம். ஆனால் "பிளாட் வட்டி" என்றால் முழு 5 லட்சத்துக்கும் நான்கு வருஷமும் வட்டி. பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுக் கடனுக்கே வட்டி! மாதத் தவணை 15,000 ரூபாய். நான்கு வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது கிட்டத்தட்ட 1 லட்சம்.

மேலே சொன்ன தாம்பரம் டிரிப்பில் இதைப் போட்டுப் பார்த்தால், 76 ரூபாய் மிச்சம் என்பது போய் 8 ரூபாய் நஷ்டம். ஒரு நாள் முழுக்க உழைத்து, கைக்காசும் போட வேண்டும்!

ஆகவே கையெழுத்துப் போடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பிளாட்டா, குறையும் பாக்கிக்கா?" அதைக் கேட்க வெட்கப்பட்டால் நாலு வருஷம் துக்கப்பட வேண்டும். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சொத்து ஜாமீன் இல்லாமல் சிறு தொழிலுக்குக் கடன் தர வழி இருக்கிறது. ஷோரூம் வாசலில் நிற்கும் ஏஜெண்ட் நீட்டும் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, வீட்டுப் பக்கத்து பாங்கின் படியில் ஒரு தடவை ஏறிப் பார்ப்பதில் தப்பில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. எப்.சி. எது வரை? வரி பாக்கி உண்டா? பழைய கடன் ஆர்.சி. புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டதா? அபராதம் ஏதும் நிலுவையில் நிற்கிறதா? இவற்றைப் பார்க்காமல் வாங்கினால், வாங்கியது வண்டியல்ல, வம்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாவிட்டால் பெர்மிட் வேண்டாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சாதாரண இலகு ரக லைசென்சே போதும் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை உறுதி செய்துவிட்டது. 7,500 கிலோ வரைக்கும் இது செல்லும்.

அதற்காக எல்லாம் "சும்மா" என்று நினைத்துவிடக் கூடாது. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் கட்டாயம். முதல் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எப்.சி., அதன் பிறகு வருஷா வருஷம். சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வெள்ளை பிளேட் வண்டியில் வாடகை லோடு அடித்தால், விபத்து நடக்கும் அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

அதே போலத்தான் ஆள் ஏற்றுவதும். "கோயிலுக்குப் போகணும், இருபது பேர், ஏறிக்கிறோம்ப்பா" என்பார்கள். சரக்கோடு அதன் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ போகலாம். மற்றபடி பிரயாணிகளை ஏற்றினால் நஷ்ட ஈடு வண்டிக்காரர் தலையில் விடியும். ஒரு நாள் வாடகைக்காக ஆயுள் முழுவதும் கடனாளியாக வேண்டுமா?

"இன்னும் நாலு மூட்டை போடு"

கடைக்காரர்கள் தப்பாக நினைக்கக் கூடாது. வண்டி பாழாவதற்குப் பாதிக் காரணம் அவர்கள்தான்.

முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றச் சொல்கிறார்கள். "ரெண்டு டிரிப்பாப் போனா எனக்குக் கட்டுபடியாகாது" என்கிறார்கள். ஸ்பிரிங் பட்டை வளைகிறது, டயர் தேய்கிறது, பிரேக் பிடிக்க மறுக்கிறது. 2019ஆம் ஆண்டில் திருத்திய சட்டப்படி அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 300 ரூபாய் கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டு 20,000 ரூபாயைப் பணயம் வைப்பது எந்த ஊர் வியாபாரம்?

பிரேக் பிடிக்காத வண்டி மோதுவது கடைக்காரர் மேல் அல்ல. ஸ்கூட்டரில் போகும் யாரோ ஒரு பிள்ளைக்குட்டிக்காரர் மேல்.

அவசரத்துக்கு விலை உண்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. மெஷினில் ஒரு பேரிங் போய்விட்டது. இருபது தொழிலாளிகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பாரிமுனைக் கடையில் பேரிங் இருக்கிறது. உடனே வேண்டும். கூப்பிடு குட்டி யானையை!

இது சாதாரண லோடு அல்ல, அவசர லோடு. அமெரிக்காவில் டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகளுக்கு அவசர உதிரி பாகம் கொண்டு போகும் சின்ன டிரக்குகளுக்கு "ஹாட் ஷாட்" என்றே தனிப் பெயர் உண்டு. கிணறு ஒரு நாள் நின்றால் பெரிய நஷ்டம் என்பதால், அந்த அவசரத்துக்கென்று கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள். அங்கேயும் சொந்த வண்டியும் தானே டிரைவருமாகப் பிழைப்பவர்கள் அதிகம். அவர்களையும் வாட்டுவது வெறும் வண்டியாகத் திரும்பும் தொல்லைதான்.

இங்கே? "சீக்கிரம் வாப்பா, அவசரம்" என்று பறக்கச் சொல்லிவிட்டு, வாடகை கொடுக்கும்போது மட்டும் "அதே ரேட்தானே" என்கிறார்கள். பட்டறை நின்றிருந்தால் அவருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம். அதைத் தடுத்தவருக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க மனம் வரவில்லை.

போதாக்குறைக்கு இப்போது செல்போன் செயலிகள் வந்துவிட்டன. ஸ்டாண்டில் காத்துக் கிடக்காமல் லோடு கிடைக்கிறது என்பது உண்மை. திரும்பும் வழியில் லோடு பிடிக்கவும் உதவும். ஆனால் ரேட்டை நிர்ணயிப்பது வண்டிக்காரர் அல்ல. கமிஷன் வேறு போகிறது. செயலியை மட்டுமே நம்புகிறவர் சொந்த வண்டியிலேயே கூலியாளாகிவிடுகிறார். நாலு கடை, ரெண்டு பட்டறை என்று நிரந்தர வாடிக்கை பிடித்து வைத்திருப்பவர்தான் நிமிர்ந்து நிற்கிறார். சொன்ன நேரத்துக்கு வருவது, சரக்கை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குவது, உடையாமல் கொண்டு சேர்ப்பது. இந்த மூன்றும்தான் அவருக்கு விளம்பரம்.

தூக்கமும் ஒரு செலவுதான்

மோட்டார் தொழிலாளருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்காகப் போட்ட சட்டம் அது. தானே முதலாளி, தானே டிரைவர் என்றால் யார் போய்க் கேட்பது?

விடியற்காலை இரண்டு மணிக்குக் கோயம்பேட்டில் காய்கறி லோடு. பத்து மணிக்குப் பாரிமுனை ஸ்டாண்ட். ராத்திரி ஒன்பதுக்கு வீடு மாற்றும் லோடு. மாதத் தவணைத் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் குறைகிறது. கண் அசந்தால் வண்டி மட்டுமா போகும்? குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு அரசு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று கிடைக்கிறது. ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் முகாம் போட்டுப் பதிவு செய்து கொடுத்தால் என்ன?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மாநகராட்சியும் போலீசும். கடைத் தெருவில் சரக்கு இறக்க வண்டி எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும். நிற்க இடம் ஒதுக்காமல், நின்றதற்கு அபராதம் போடுவது என்ன நியாயம்? சௌகார்பேட்டை, பாரிமுனை, தி.நகர் போன்ற இடங்களில் தெருவுக்கு ஓர் இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, "சரக்கு இறக்க அரை மணி நேரம்" என்று எழுதி வைக்கட்டும். அதற்கு மேல் நின்றால் தாராளமாக அபராதம் போடட்டும். யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டாண்டுகளில் குடிதண்ணீரும் கழிப்பிடமும் கேட்பது பேராசையல்ல.

இரண்டாவது, வியாபாரிகள் சங்கங்களும் வண்டிக்காரர் சங்கங்களும். ஒரு நாள் உட்கார்ந்து ஒரு ரேட் கார்டு போட்டால் தினசரி தகராறு ஒழியும். அதில் மூன்றே அம்சங்கள் போதும். திரும்பும் தூரத்துக்கும் டீசல் காசு. ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால் காத்திருப்புக் காசு. அவசர லோடுக்குத் தனி ரேட். திரும்பும் வண்டிக்கு லோடு கிடைத்தால் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வண்டிக்காரரும் சம்மதிப்பார். தாம்பரம் ஸ்டாண்டும் பாரிமுனை ஸ்டாண்டும் போனில் பேசிக்கொண்டாலே பாதி வண்டிகள் வெறுமனே ஓடாது. கடைக்காரருக்கும் லாபம், வண்டிக்காரருக்கும் லாபம். ரோட்டில் நெரிசலும் குறையும்.

மூன்றாவது, வண்டி வாங்கத் துடிக்கும் இளைஞர்கள். உழைத்துப் பிழைக்க நினைப்பது பாராட்டத்தக்கது. ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன்பு ஒரு மாதம் வேறொருவர் வண்டியில் டிரைவராகவோ கிளீனராகவோ போய்ப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்று எண்களை எழுதுங்கள். லோடோடு ஓடிய கிலோமீட்டர், வெறுமனே ஓடிய கிலோமீட்டர், சும்மா நின்ற மணி நேரம். அந்த நோட்டு சொல்லிவிடும், வாங்கலாமா வேண்டாமா என்று. மூன்று மாதத் தவணைப் பணம் கையில் தனியாக இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. ஆடி மாதமும் ஐப்பசி மழையும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். குட்டி யானைக்கும் தீனி வேண்டும். டீசல் ஒரு வாய், தவணை ஒரு வாய், டயர் ஒரு வாய் தின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் பாகனுக்குச் சோறு.

நாளைக் காலை பத்து மணிக்குப் பாரிமுனையில் அதே பேரம் நடக்கும். "பின்னாலே நிக்கிற வண்டியைக் கூப்பிடறேன்" என்று சொல்லும் முன்பு அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசிப்பாரா? அவருடைய கல்லாவுக்கு வருகிற லட்சுமி, இந்த வண்டியில் ஏறித்தான் வருகிறாள்!